தாடைக்கட்டு

அன்று காலை அந்தச் சத்தம் கேட்கவில்லை.

ஏழு மாதமாக, வாயைத் திறக்கும்போதெல்லாம் தமிழ்ச்செல்வனின் வலது காதுக்கு முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். உள்ளே யாரோ உட்கார்ந்துகொண்டு விரலைச் சொடுக்குகிற மாதிரி. இட்லியைக் கடித்தால் டக். கொட்டாவி விட்டால் டக். கல்யாண ஊர்வலத்தில் இரண்டு மணி நேரம் கிளாரினெட் ஊதிவிட்டு இறக்கினால் டக், கூடவே காதிலிருந்து கழுத்துவரை இறங்கும் ஒரு வலி.

இன்று வாய் கொப்பளித்தான். சத்தம் இல்லை. மறுபடியும் கொப்பளித்தான். இல்லை.

'போயிருச்சு' என்று நினைத்தான். சந்தோஷத்தில் கிணற்றடி என்றும் பாராமல் ஒரு பாட்டை முணுமுணுத்தான். பிறகு கடைவாய்ப் பல்லைத் துலக்கப் பிரஷ்ஷை உள்ளே தள்ளினான். அது உள்ளே போகவில்லை. வாய் பாதியிலேயே நின்றுவிட்டது. இன்னும் திறக்க முயன்றான். இரும்புக் கதவில் முட்டியது போலிருந்தது.

பாட்டு நின்றது.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினான். ஒண்டிப்புதூரில் பத்து வீடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும் லைன் வீடு அது. மனைவி அன்புச்செல்வி தெருக்குழாயில் தண்ணீருக்கு நின்றிருந்தாள். அலமாரியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தான். அதில் தேய்ந்துபோன ரீடுகள். கிளாரினெட்டின் வாயில் வைத்துக் கட்டும் சின்ன நாணல் பட்டைகள்தான் ரீடு. உதடு பட்டு அது அதிர்ந்தால்தான் சத்தம் வரும்.

அந்த ரீடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடுக்கை மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் நிறுத்தினான். தினமும் செய்கிற காரியம்தான். ஏழு மாதத்துக்கு முன்னால் பதினாலு ரீடு நின்றது. தீபாவளிக்குப் பன்னிரண்டு. போன வாரம் பதினொன்று.

இன்று ஒன்பது.

கண்ணாடியில் தெரிந்த முகத்தில் அவன் சின்னானைப் பார்த்தான்.

சின்னான், தமிழ்ச்செல்வன் கிளாரினெட் ஊதும் அதே பேண்டு செட்டில் யூபோனியம் என்ற பெரிய பித்தளைக் குழலை ஊதியவர். இவனை அந்த செட்டில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். அவருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. வாயில் மூன்று விரல் நுழைந்த இடத்தில் இரண்டு விரல், பிறகு ஒன்று. கன்னத்தில் புற்று. போன வருடம் போய்ச் சேர்ந்தார். அவரிடமிருந்த புகையிலைப் பொட்டலத்தில் பத்து வருடம் பங்கு வாங்கியவன் தமிழ்ச்செல்வன். அவரைப் புதைத்த அன்று விட்டதுதான். ஆனால் விட்டுவிட்டால் உள்ளே போனது வெளியே வந்துவிடுமா?

யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் பல்வலி என்றான். சோற்றைப் பிசைந்து குழைத்தான், பன்னை டீயில் ஊற வைத்தான். டாக்டரிடம் போகவில்லை. போனால் அவர் ஒரு பெயர் சொல்வார். அந்தப் பெயரைக் கேட்பதைவிட வலி தேவலை.

நாளைக்கு வெள்ளகோவிலில் ஒரு கல்யாண ஊர்வலம். மூன்று மணி நேரம். முதல் கிளாரினெட் இவன்.

'இறுகினதை இழுத்தால் இளகும்' என்று நினைத்தான். தோல் வாத்தியத்தைக் காய்ச்சி இழுத்துக் கட்டிப் பழகினவர்களுக்கு நடுவில் இருப்பவனுக்கு வேறு என்ன தோன்றும்? பத்தாவது ரீடை நடுவில் வைத்து அழுத்தினான். கண்ணில் நீர் வந்தது. பதினொன்று. காதுக்குள் நெருப்பு. இன்னும் ஒன்று, ஒன்றே ஒன்று என்று பன்னிரண்டாவதைக் கட்டைவிரலால் தள்ளினான்.

'மளுக்'.

ரீடுகள் தரையில் சிதறின. வாய் திறந்துகொண்டது. ஆவென்று திறந்துகொண்டது. அப்புறம் மூடவில்லை.

குடத்தோடு உள்ளே வந்த அன்புச்செல்வி, வாயைப் பிளந்துகொண்டு நடுவீட்டில் நிற்கும் புருஷனைப் பார்த்தாள்.

"ஏனுங்க, காலங்காத்தால என்ன விளையாட்டு? வாயை மூடுங்க."

"ஆ... ஆ..."

"ஈ பூந்துக்கப் போகுது, மூடுங்கங்கறேன்!"

அவன் தலையை ஆட்டினான். உதட்டோரம் எச்சில் வழிந்தது. குடம் கீழே விழுந்தது.

பக்கத்து வீட்டுப் பாப்பாயி ஓடி வந்தாள். "வாதம் அடிச்சுப்போட்டுது அம்மணி! நான் அப்பவே சொன்னேன், பொணத்துக்கு முன்னால ஊதற வாயி, ஒரு நாளைக்கு இல்லாட்டி ஒரு நாளைக்கு..."

"நீங்க சும்மா இருங்க! போயி ஆட்டோ கூப்புடுங்க!"

அன்புச்செல்வி தன் முந்தானையாலேயே அவன் வாயை மூடி, ஆட்டோவில் ஏற்றினாள். சிங்காநல்லூர் சிக்னலில் நின்றபோது பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். தமிழ்ச்செல்வன் கண்ணை மூடிக்கொண்டான். 'கண்டுபிடித்துவிடுவார்கள். இன்றைக்குக் கண்டுபிடித்துவிடுவார்கள்.' மூடாத வாயைவிட அந்த நினைப்புதான் அவனை நடுங்க வைத்தது.

ஆஸ்பத்திரியில் பல் பிரிவு டாக்டர் நந்திதாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரண்டு கட்டைவிரல்களிலும் வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டார்.

"பயப்படாதீங்க. தாடை எறங்கியிருக்குது. ஏத்தி விட்டுருவேன். ஏறினதும் டபக்குனு மூடும், கடிச்சுராதீங்க. இந்த விரலை வெச்சுத்தான் எனக்குப் பொழப்பு."

கடைவாய்ப் பற்களின்மேல் விரல்களை வைத்து, கீழே ஓர் அழுத்து, பின்னால் ஒரு தள்ளு. தமிழ்ச்செல்வனின் கால் இரண்டும் நாற்காலியை விட்டு எழும்பின. அடுத்த நொடி வாய் மூடிக்கொண்டது.

"அவ்வளவுதானுங்க."

அவ்வளவு இல்லை. டாக்டர் ஒரு சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்தார். கன்னத்தை ஒதுக்கி, உள்ளே வலம், இடம், நாக்கின் அடி எல்லாம் பார்த்தார். அவன் அவருடைய புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அது சுருங்குகிறதா? சுருங்கிய மாதிரிதான் இருந்தது.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"பேண்டு செட்டுங்க. கிளாரினெட்."

"அப்படிச் சொல்லுங்க! தாடையை முன்னால தள்ளி, பல்லை அழுத்திக் கடிச்சு ஊதறீங்க. ரோட்ல ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேல கேக்கணும்னு கெட்டி ரீடா வேற போட்டுக்குவீங்க. காதுக்கு முன்னாடி ஒரு மூட்டு இருக்குது. அதுக்குள்ள ஒரு மெத்தை. அது எடம் மாறிப் போச்சு. முன்னால டக்கு டக்குன்னு சத்தம் வந்திருக்குமே?"

"வந்துதுங்க. இன்னிக்கு நின்னுபோச்சுங்க."

"நின்னது நல்லதுக்கில்லைங்க. மெத்தை திரும்பி வராம சிக்கிக்கிச்சுன்னு அர்த்தம். அதுதான் வாய் தெறக்கலை. பல்லிடுக்குல நாணல் செதில் ஒட்டியிருக்குது, நீங்க அதைக் குச்சி வெச்சு நெம்பியிருக்கீங்க."

"அப்ப... அதுங்களா டாக்டர்?"

"எது?"

அவனால் அந்தப் பெயரைச் சொல்ல முடியவில்லை. டாக்டரே சொன்னார். "கேன்சரா? இல்லீங்க. வாய் சுத்தமா இருக்குது. மூட்டுத்தான்."

அவன் நெஞ்சிலிருந்து ஒரு பாறை உருளத் தொடங்கியது. அது உருண்டு முடிவதற்குள், டாக்டர் அன்புச்செல்வியைப் பார்த்து, "அம்மா, நீங்க சித்த வெளிய வாங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார்.

பாறை நின்றுவிட்டது.

கதவின் கண்ணாடி வழியே பார்த்தான். டாக்டர் பேசுகிறார். அன்புச்செல்வி தலையாட்டுகிறாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். தோள் குலுங்குகிறது.

அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், வேறோர் ஆஸ்பத்திரி வராந்தாவில், இதே மாதிரி ஒரு டாக்டர் வெளியே வந்து பேசினார். கேட்டவர்கள் மூன்று பேர். சின்னானின் மனைவி பாவாத்தாள், பேண்டு செட் மாஸ்டர் வெங்கடபதி, மூன்றாவது ஆள் தமிழ்ச்செல்வன். நோயாளியிடம் சொல்ல வேண்டாம், மனசு விட்டுவிடுவார் என்று எதிர் டீக்கடையில் வைத்து முடிவு செய்தார்கள். யாராவது ஒருவர் போய்ப் பொய் சொல்ல வேண்டும். "நான் சொல்லறேன்" என்று எழுந்தவன் இவன்தான்.

"வெறும் புண்ணுங்கண்ணா. டாக்டரே சிரிக்கறாரு. ஆடிக்குள்ள ஆறிரும்னுட்டாரு. ஆவணிக்கு உடுமலைப்பேட்டை ஆர்டரை ஒத்துக்கட்டுமா, வேண்டாமா?"

சின்னான் நம்பினார். கரண்ட் வைத்தியத்துக்கு, அதாவது கதிர்வீச்சுக்கு, ஐந்து நாள் போனார். ஆறாம் நாள் படுத்துக்கொண்டார். "வெறும் புண்ணுக்கு எதுக்குடா கரண்டு? வாயெல்லாம் வேகுது. நான் போகலை." போ என்று யார் வற்புறுத்துவது? வற்புறுத்தினால் பொய் வெளியே வந்துவிடும். எட்டு மாதம்தான் இருந்தார்.

இப்போது தன் முறை. 'மூட்டுத்தான்' என்பது தனக்கான 'வெறும் புண்ணு'.

அன்புச்செல்வி சிவந்த கண்ணோடு உள்ளே வந்தாள். "அறிவு இருக்குதுங்களா உங்களுக்கு? குச்சியை வெச்சு நெம்பினீங்களாமா? வாயின்னு நெனச்சீங்களா, தகர டப்பான்னு நெனச்சீங்களா?"

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"ஆறு வாரம் கிளாரினெட்டைத் தொடக்கூடாதாமா. மூட்டு நரம்பு இழுத்துக்கெடக்குதாமா. அதுக்குள்ள ஊதி மறுபடியும் கழண்டுச்சுன்னா அப்புறம் கொட்டாவிக்கெல்லாம் கழலுமாமா. அப்புறம் எந்தக் காலத்துலயும் ஊத முடியாதாமா. நீங்க கேக்கற ஆளாத் தெரியலை, நீங்களே காவல் இருங்கன்னு சொன்னாங்க."

"வேற?"

"வேற என்ன வேணும்?"

"அம்மணி, என்ற தலைல கை வெச்சு சொல்லு."

அவள் கை வைத்துச் சொன்னாள். பாவாத்தாளும் அன்றைக்குச் சின்னானின் தலையில் கை வைத்துத்தான் சொன்னாள். பக்கத்தில் இவன் நின்றிருந்தான்.

நர்ஸ் அவன் தாடைக்கு அடியிலிருந்து உச்சந்தலைக்கு ஒரு வெள்ளைக் கட்டுப் போட்டாள். பிணத்துக்கு வாய் திறக்காமல் இருக்கக் கட்டுகிறார்களே, அதே கட்டு. லைன் வீட்டில் இறங்கியபோது பாப்பாயி அதைப் பார்த்துவிட்டு, "ஐயோ மாரியாயி" என்று நெஞ்சில் கை வைத்தாள்.

அன்றைக்கெல்லாம் அவன் யோசித்தான். டாக்டர் சொன்னது நிஜமென்றால், நாளைக்கு ஊதக்கூடாது. ஊதினால் தாடை போகும், தொழில் போகும். பொய்யென்றால், தாடையை எதற்குக் காப்பாற்றுவது? இருக்கிற கொஞ்ச நாளில் கிளாரினெட்டையாவது ஊதிவிட்டுப் போகலாம். நிஜமா, பொய்யா? யாரைக் கேட்பது? கேட்டால் யார் சொல்வார்கள்? எவ்வளவு நல்லவர்கள் எவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்வார்கள் என்பது அவனைவிட யாருக்குத் தெரியும்?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் இரண்டு மணிக்கு வேன். அன்புச்செல்வி ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து, கிளாரினெட் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

வேன் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் கால் ஒரு சந்தில் திரும்பியது. அங்கே பாவாத்தாள் கிரைண்டர் போட்டு மாவு விற்கிறாள். சின்னானின் காரியத்துக்குப் பிறகு அவன் அந்தச் சந்துக்குள் வந்ததில்லை.

கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பாவாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள். கட்டைப் பார்த்தாள்.

"என்ன தம்பி, உசுரு இருக்கறப்பவே கட்டிக்கிட்டு வந்துட்டே? அவ்வளவு அவசரமா?"

"அக்கா, என்ற வாயைப் பாருங்க."

"என்னது?"

"அண்ணன் வாயாட்ட இருக்குதான்னு பாருங்க. உங்களுக்குத்தான் தெரியும்."

அவள் கிரைண்டரை நிறுத்தினாள். சந்து திடீரென்று அமைதியானது. கையைக் கழுவிக்கொண்டு, ஒரு டார்ச் எடுத்து வந்தாள். அவன் கட்டை அவிழ்த்து, விரலால் கன்னத்தை ஒதுக்கிக் காட்டினான். அவள் கிட்டத்தில் வந்து பார்த்தாள். மோந்தும் பார்த்தாள்.

"அந்த வாசம் இல்லை" என்றாள். "ஆனா நான் என்ன டாக்டரா? டாக்டரு என்ன சொன்னாங்க?"

"மூட்டுத்தான், வேற ஒண்ணுமில்லைன்னாங்க."

"அப்புறம் என்ன?"

"அன்புவை வெளிய கூப்புட்டுப் பேசினாங்க அக்கா. வெளிய. அவ அழுதா."

பாவாத்தாள் டார்ச்சை அணைத்தாள். அவன் எதற்கு வந்திருக்கிறான் என்பது அவளுக்கு இப்போது புரிந்தது.

"உள்ள வந்து என்ன பண்ணுச்சு?"

"திட்டினா."

"எப்படி?"

"அறிவு இருக்குதாங்கறா. வாயா, தகர டப்பாவாங்கறா. ராத்திரி கஞ்சி குடுக்கறப்பவும் திட்டு. காலைல எந்திரிச்சதும் திட்டு."

"உன்ற முன்னாலயே அழுதுக்கிட்டா?"

"ஆமாங்க."

பாவாத்தாள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "தம்பி, அந்த எட்டு மாசம் நான் அவுரு முன்னால ஒரு சொட்டுக் கண்ணீர் உட்டதில்லை. ஒரு வார்த்தை திட்டினதில்லை. அதுக்கு முன்னால பதினெட்டு வருசம் திட்டாத நாளில்லை, உனக்கே தெரியும். ஒரு நா பீடியைப் பத்த வெச்சுக்கிட்டே தூங்கிட்டாரு. புதுப் பாயி, நடுவுல கருகி ஓட்டை. நான் சிரிச்சேன். போனாப் போகுது, உடுங்கன்னேன்."

அவள் டார்ச்சை மடியில் வைத்தாள்.

"அன்னிக்கு என்னை ஒரு பார்வை பார்த்தாரு. அப்பத்தான் அவுருக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நெனைக்கறேன். நான் சொல்லித் தெரியலை. நான் திட்டாததுல தெரிஞ்சுது."

தெருவில் யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள்.

"சாகப்போறவனை எந்தப் பொம்பளையும் தகர டப்பாங்க மாட்டா. போ."

அவன் போகவில்லை. "அக்கா, நான் புண்ணுன்னு சொல்லாம இருந்திருந்தா, அண்ணன் கரண்டு வெக்கப் போயிருப்பாரில்லீங்க?"

"போயிருப்பாரு."

அவள் அதை மென்மையாகச் சொல்லவில்லை. கையிலிருந்த கிளாரினெட் பெட்டி அவன் காலில் இடித்தது.

"நீ மட்டுமா சொன்னே, நானுந்தான் தலைல கை வெச்சேன்" என்றாள் பாவாத்தாள். பிறகு, "கட்டைக் கட்டு. வாயில காத்துப் படுது" என்று சொல்லிவிட்டுக் கிரைண்டரைப் போட்டாள். அதற்குமேல் ஒன்றும் பேச முடியாத சத்தம்.

வேன் ஸ்டாண்டில் சிவப்பு யூனிபாரத்தில் பதினாறு பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள். கட்டுப் போட்ட தலையைப் பார்த்ததும் இரண்டாவது கிளாரினெட் பீர் முகம்மது கத்தினான். "மாஸ்டர், முதல் கிளாரினெட்டு கல்யாணத்துக்கு வரலை, கருமாதிக்கு வந்திருக்குது!"

வெங்கடபதி மாஸ்டர் சிரிக்கவில்லை. "என்னடா வேசம் இது? அவுத்துப்போட்டு ஏறு. வெள்ளகோவில்ல மாப்பிள்ளை ஊட்டுக்காரரு உன்னைக் கேட்டுத்தான் ஆர்டர் குடுத்திருக்காரு."

"நான் வரலைங்க மாஸ்டர். தாடை கழண்டுபோச்சு. ஆறு வாரம் ஊதக்கூடாதாமா." பல்லிடுக்கில் வார்த்தைகள் கசிந்து வந்தன. கிளாரினெட் பெட்டியை நீட்டினான். "முகம்மது இதை ஊதட்டும். அவனுதுல மேல் சட்ஜம் பிசிறடிக்குது."

மாஸ்டர் பெட்டியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "ஆறு வாரம்னா மாசி முகூர்த்தம் முழுக்கப் போச்சு. நான் வேற ஆளைப் பார்த்தாகணும். வந்த ஆளை நாளைக்குப் போன்னு சொல்ல முடியாது, தெரியுமில்ல?"

"தெரியுங்க."

"தெரிஞ்சும் வரலைங்கறே?"

அவன் தலையாட்டினான். வேறு எதையும் சொல்லப் பயமாக இருந்தது. இன்னும் ஒரு நிமிடம் நின்றால் ஏறிவிடுவான்.

பீர் முகம்மது பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். இப்போது அவன் கிண்டல் செய்யவில்லை. வேன் திருச்சி ரோட்டில் திரும்பி மறைந்தது. பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக அது அவனில்லாமல் போகிறது.

வீட்டுக்கு நடந்தான். காதுக்கு முன்னால் மூட்டு துடித்துக்கொண்டிருந்தது. ஆறு வாரம் கழித்து அது சரியாகுமா? சரியானாலும் அந்த செட்டில் இடம் இருக்குமா? பாவாத்தாள் சொன்னது சரிதானா, இல்லை அவளும் தனக்காக ஒரு பொய்யைக் கண்டுபிடித்தாளா? ஏற்கெனவே ஒரு தடவை சொல்லிப் பழகியவள்தானே? அந்த நினைப்பு வந்ததும் நடு ரோட்டில் ஒரு கணம் நின்றுவிட்டான். லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

அன்புச்செல்வி வாசலிலேயே நின்றிருந்தாள். ரேஷன் பை காலடியில் கிடந்தது. பெட்டி இருந்த அலமாரி காலியாக இருப்பதைப் பார்த்திருக்கிறாள்.

"ஏனுங்க, எங்க போயிட்டு வாரீங்க? ஊதிப்போட்டு வாரீங்களா? கட்டு ஏன் கோணலா இருக்குது? ஆரு அவுத்தது? ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொன்ன பேச்சைக் கேக்க முடியாதுங்களா உங்களால? அந்த டாக்டரம்மா என்னையக் காவல் இருக்கச் சொன்னாங்க, நான் ரேஷன் கடைல நின்னுக்கிட்டே எந்தக் கண்ணுல உங்களைப் பார்க்கறது? மண்டையில கட்டினாப் பத்தாதுங்க, காலுல கட்டியிருக்கோணும்!"

பாப்பாயி எட்டிப் பார்த்தாள். எதிர்வீட்டுக் கதவும் திறந்தது. தமிழ்ச்செல்வன் தலையைக் குனிந்துகொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டுக்கொண்டு நின்றான். அந்தத் திட்டு நிற்காமல் போய்க்கொண்டே இருக்கட்டும் என்றிருந்தது.

அவள் மூச்சு வாங்கினாள். பிறகு அவன் வெறுங்கையைப் பார்த்தாள். பெட்டி இல்லாததன் அர்த்தம் புரிந்ததும் அவள் முகம் மாறியது. குரல் தணிந்தது.

"சரி உடுங்க. உள்ள வாங்க. கஞ்சி ஆறிப்போகுது."

சிரிக்கவும் செய்தாள்.

அவனுக்குப் பகீரென்றது. படியில் வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"ஏன் அம்மணி," என்றான் பல்லிடுக்கு வழியாக, "ஏன் நிறுத்திட்டே?"